வெந்நீர்க் கருவியும் மூடிய ஜன்னலும்

நம் ஊர் வீடுகளில் வெந்நீர் பெரும்பாலும் கொல்லைப்புறத்தில்தான் காய்ந்தது. செப்புப் பாய்லரில் கரியோ சுள்ளியோ எரியும். புகை திறந்த வெளியில் கலந்து மறையும். நாமோ வாளியில் நீரை மொண்டு குளியலறைக்குச் செல்வோம். டில்லி போன்ற நகரங்களில் குடியேறிய பின், அந்த நெருப்பே நம் குளியலறைக்குள் வந்து சேர்ந்துவிட்டது. கேஸ் கீசர் என்று நாம் சுவரில் மாட்டி வைத்திருப்பது ஓர் அடுப்பே என்பதை முதலில் நினைவிற் கொள்வோம். அடுப்புக்குக் காற்று வேண்டும். புகைக்கு வழி வேண்டும்.

பழைய கருவியின் கோளாறுகள் இரு வகைப்படும். ஒரு வகை, வெந்நீர் வராமற் செய்து நம்மை எச்சரிப்பது. மற்றொரு வகை, வெந்நீரை வழக்கம்போல் தந்துகொண்டே உயிருக்கு உலை வைப்பது.

முதல் வகையை முதலில் பார்ப்போம். குழாயைத் திறந்ததும் 'டிக் டிக்' என்ற ஓசையே எழவில்லையெனில், மின்கலங்களைச் சோதிக்க வேண்டும். பெரும்பாலான கருவிகளில் 1.5 வோல்ட் பெரிய செல்கள் இரண்டு இருக்கும். அவற்றின் முனைகளில் படிந்த பூஞ்சணம் போன்ற உப்பைத் துடைத்துப் புதிய செல்களை இடலாம். அதன் பின்னும் ஓசை இல்லையெனில் நீரின் அழுத்தம் குறைவு என்று கொள்ளலாம். ஓடிவரும் நீரின் அழுத்தமே உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வைத் தள்ளி, வாயுவின் வழியைத் திறக்கிறது. நீர் நுழையும் இடத்திலுள்ள சிறு சல்லடையில் மணலும் சுண்ணாம்பும் அடைத்திருந்தால் அதைக் கழற்றிக் கழுவினாலே போதும். சவ்வு கிழிந்து அடியில் நீர் சொட்டினால், அதை மாற்றுவது மிஸ்திரியின் வேலை.

ஓசை கேட்டும் சுடர் தோன்றாவிடில், சிலிண்டர் தீர்ந்திருக்கலாம். அல்லது பொறி எழும் முனையில் கரி படிந்திருக்கலாம். சுடர் தோன்றிச் சில விநாடிகளில் அணையுமாயின், சுடரை உணரும் சிறு கம்பியில் கரி மூடியிருக்கக் கூடும். சுடர் இல்லை என்று கருவி எண்ணி வாயுவை நிறுத்திவிடுகிறது. வாயுவை அடைத்து, செல்களை எடுத்து, கருவி ஆறிய பின் இம்முனைகளை உலர்ந்த துணியால் துடைக்கலாம். ஆனால் இந்தக் காவற்கம்பியைத் துண்டித்தோ வேறு கம்பியோடு இணைத்தோ 'சரி செய்து' தருவதாக எவரேனும் கூறினால், அதற்கு ஒருபோதும் இணங்கலாகாது. காவலனை வெளியேற்றிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு அது ஒப்பாகும்.

இனி, மௌனமான கோளாறு. நலமான சுடர் நீலமாக எரியும். சுடர் மஞ்சளாகி நீண்டு ஆடினாலும், கருவியின் மேற்புறம் கறுத்தாலும், எரிதல் குறைபட்டுவிட்டது என்பது பொருள். காற்று நுழையும் துளைகளில் தூசியோ சிலந்தி வலையோ அடைத்திருக்கலாம். செப்புத் தகடுகளுக்கிடையே கரி சேர்ந்திருக்கலாம். சிலிண்டர் வாயுவுக்கென அமைந்த கருவியைக் குழாய்வழி வரும் இயற்கை வாயுவில் அப்படியே இணைப்பதும், அதன் மறுதலையும் தவறு. இரண்டுக்கும் ஊதுதுளைகள் வேறு. இவற்றை வீட்டில் பிரித்துப் பார்க்க முயல வேண்டாம். தேர்ந்த பணியாளர் வந்து சரி செய்யும் வரை கருவியை நிறுத்திவிடுவதே முறை.

கருவி புதிதாயினும் மூடிய அறை அதைப் பழுதாக்கிவிடும். ஒரு கிலோ சிலிண்டர் வாயு முற்றும் எரிய ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று தேவை. நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கருவி கால் மணி நேரம் முழு வேகத்தில் எரிந்தால் ஏறத்தாழ கால் கிலோ வாயு செலவாகும்; அதற்கு 3 கன மீட்டர் காற்று வேண்டும். 5 அடி நீளமும் 4 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள குளியலறையின் காற்று முழுவதுமே நாலரைக் கன மீட்டர்தான்! காற்று முற்றும் தீர்வதற்கு வெகு முன்னரே சுடர் கெட்டு, கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு பிறக்கிறது. இது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பற்றிக்கொள்கிறது. சிலிண்டர் வாயு கசிந்தால் அதிற் கலந்த மணப்பொருள் நம்மை எச்சரிக்கும். இதற்கோ மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றும். பிறகு தாழ்ப்பாளை நீக்கவும் கை எழாது. குளிருக்கு அஞ்சி நாம் மூடும் ஜன்னலும், புறாக் கூடு அடைத்த காற்றுத் துவாரமும் இவ்வாறு எமனாகின்றன.

உள்ளே சென்றவர் குரல் கொடுக்கவில்லையெனில் தயங்காது கதவை உடைத்து, அவரைத் திறந்த வெளிக்குக் கொணர்ந்து, வாயுவை அடைத்துவிட்டு, 112 எண்ணில் உதவி கோர வேண்டும். கீசர் எரிந்துகொண்டிருந்ததை மருத்துவரிடம் மறவாது சொல்ல வேண்டும். சிலிண்டர் வாயு கசிந்தால் அழைக்க 1906 என்னும் எண் உண்டு.

கருவியைக் குளியலறைக்கு வெளியே, திறந்த பால்கனியில் மாட்டி, குழாயால் வெந்நீரை உள்ளே கொணர்வதே உத்தமம். வாடகை வீட்டில் இருப்போர் இதை வீட்டுக்காரரிடம் கூசாமற் கேட்கலாம். அது நிறைவேறும் வரை ஒரு வழி உண்டு: கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்து, வாளிகளை நிரப்பி, கருவியை அணைத்து, சற்று நேரம் காற்றோட விட்டு, அதன் பின்னரே உள்ளே சென்று தாழிடுவோம். கொல்லைப்புறத்து நெருப்பிலிருந்து வாளியை எடுத்துச் சென்ற நம் பழைய வழக்கமும் இதுவே அன்றோ!