சர்வீஸ் முடித்து வந்த காரில் கோளாறு: முதல் நாளில் செய்ய வேண்டியவை

காவிரியை ஒட்டிய வனப்பகுதியில், ஒகேனக்கல்லுக்கு அண்மையில் அமைந்துள்ள ஊர் கோபிநத்தம். முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1997-ஆம் ஆண்டில் சாமராஜநகர் மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபோது அதனுடன் சேர்ந்தது. தமிழும் கன்னடமும் புழங்கும் இவ்வூரார் தங்கள் காரை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்தில் விட வேண்டுமாயின், ஒருபுறம் மேட்டூர், சேலம் பக்கமும், மறுபுறம் கொள்ளேகால், மைசூரு பக்கமும் நெடுந்தொலைவு பயணிக்க வேண்டும். இத்தகைய ஊர்களில் வசிப்போருக்கு, சர்வீஸ் முடிந்த மறுநாளே தோன்றும் கோளாறு வெறும் மனச்சலிப்போடு முடிவதில்லை. அது ஒரு நாள் வருமானத்தையும், சில வேளைகளில் உயிரையும் பாதிக்கக் கூடியது.

அவ்வூர் வாடிக்கையாளர் ஒருவர் வங்கிக் கடனில் கார் வாங்கியுள்ளார் எனக் கொள்வோம். 20,000 கிலோமீட்டர் நிறைவுற்றதும் மைசூருவில் காரை சர்வீஸுக்கு விடுகிறார். ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றப்படுகின்றன. டயர்கள் முன்னும் பின்னும் இடம் மாற்றிப் பொருத்தப்படுகின்றன. காரைப் பெற்றுக்கொண்டு, கொள்ளேகால், ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலை ஏறி, பாலாறு பக்கம் இறங்கி வீடு சேர்கிறார். மலையிறக்கத்தின் வளைவுகளில் முன்சக்கரப் பக்கம் ‘டக், டக்’ என்று ஓசை கேட்கிறது. மறுநாள் காலையில், கார் நின்ற இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஆயில் கறை தென்படுகிறது. நேற்றுவரை இல்லாத இவ்விரண்டுக்கும் யார் பொறுப்பு? அவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்?

இவ்வினாக்களுக்கான விடை பெரும்பாலும் முதல் ஒரு நாளில் அவர் எதைப் பதிவு செய்துகொள்கிறார் என்பதைப் பொறுத்தே அமையும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பின்னர் வந்ததா, அதனால் வந்ததா?

‘காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை’ என்பார்கள். சர்வீஸுக்குப் பின் வந்த கோளாறு எல்லாம் சர்வீஸால் வந்ததாகிவிடாது. நான்கு ஆண்டு உழைத்த பேட்டரி, சர்வீஸ் முடிந்த மறுநாள் தானாகவே ஓய்ந்துபோகலாம். தேய்ந்து வந்த கிளட்ச் அந்த வாரத்திலேயே வழுக்கத் தொடங்கலாம். ஆகவே ஒர்க்‌ஷாப் மீது குறை கூறுவதற்கு முன் ஓர் எளிய சோதனையைச் செய்வது நல்லது.

காரை விடும்போது தரப்படும் ஜாப் கார்டையும் பின்னர் தரப்படும் பில்லையும் எடுத்து, அவற்றில் குறிக்கப்பட்டுள்ள வேலைகளைக் கோளாறு தோன்றிய இடத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்கப்பட்ட பாகத்திலேயே கோளாறு தோன்றியுள்ளதா? சில கிலோமீட்டர் அல்லது சில நாள்களுக்குள் தோன்றியதா? சர்வீஸுக்கு முன் அதன் அறிகுறி எதுவும் இல்லையா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்பது விடையானால், ஒர்க்‌ஷாப்பின் கவனக்குறைவு என்று ஐயுறுவதற்குத் தக்க காரணம் உண்டு. மூன்றில் ஒன்று இல்லையெனினும் கேட்கும் உரிமை போய்விடாது; ஆனால் குற்றம் சாட்டும் தொனியில் அன்றி, விளக்கம் கோரும் முறையில் பேச்சைத் தொடங்குவதே பயன் தரும்.

வழக்கமான சர்வீஸில் நேரும் தவறுகள்

வழக்கமான சர்வீஸில் கழற்றி மாட்டப்படும் பாகங்கள் சிலவே. ஆதலால் அதில் நேரக்கூடிய தவறுகளும் பெரும்பாலும் முன்கூட்டியே அறியத்தக்கவை.

ஆயில் கசிவு: பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் அடிபோல்ட்டின் வாஷரை மாற்றாமல் விட்டாலோ, போல்ட்டை உரிய அளவுக்கு முறுக்காமல் விட்டாலோ ஆயில் சொட்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியது பொருத்தப்பட்டாலும் கசிவு ஏற்படும். ஆயில் ஊற்றும் மூடியைச் சரியாக மூடாமல் விடுவதும் உண்டு. அளவுக்கு மீறி ஆயில் ஊற்றுவதும் தீங்கே. அளவுக் குச்சியில் கீழ்க்கோட்டுக்கும் மேற்கோட்டுக்கும் இடையே ஆயில் நிற்க வேண்டும்.

சக்கர நட்டுகள்: டயர்களை இடம் மாற்றிய பின் நட்டுகள் தளர்ந்திருந்தால் தட்டும் ஓசை, ஸ்டீயரிங் நடுக்கம் ஆகியவை தோன்றும். பல சிறிய கார்களில் நட்டுகளை ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் விசையில் முறுக்க வேண்டும். சரியான அளவு காருடன் தரப்படும் கையேட்டில் இருக்கும். சக்கரம் கழற்றி மாட்டப்பட்டிருந்தால், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டியபின் நட்டுகளை மறுமுறை சரிபார்ப்பது உலகெங்கும் உள்ள நல்ல வழக்கம்.

பிரேக்: பிரேக் பேடு மாற்றியபின் பெடலைப் பலமுறை மிதித்துப் பிடிப்பை நிலைப்படுத்தாமல் ஒப்படைத்தால், முதல் மிதி தரைவரை செல்லும். பிரேக் ஆயில் மாற்றும்போது குழாயில் காற்று புகுந்திருந்தால் பெடல் பஞ்சு போல அமுங்கும்.

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு: ஏர் ஃபில்டர் பெட்டியின் கொக்கி சரியாக மாட்டப்படாமலோ, அருகிலுள்ள சென்சாரின் இணைப்பு தளர்ந்தோ இருந்தால் மஞ்சள் விளக்கு எரியும். உயர் அழுத்தத் தண்ணீரால் எஞ்சின் பகுதியைக் கழுவும்போது மின் இணைப்புகளில் ஈரம் புகுவதும் இதற்குக் காரணமாகலாம்.

ஸ்டார்ட் ஆகாமை: பேட்டரி முனைகள் தளர்வாக இருந்தால் கார் ஒரு முறை ஸ்டார்ட் ஆகும், மறுமுறை ஆகாது. கடிகாரம் தானாக மாறியிருந்தால், சர்வீஸின்போது பேட்டரி இணைப்பு கழற்றப்பட்டிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

உடனே நிறுத்த வேண்டிய தருணம்

எச்சரிக்கை விளக்குகளின் நிறமே ஒரு மொழி. மஞ்சள் விளக்கு, ‘விரைவில் சோதனை செய்க’ என்று கூறுகிறது. சிவப்பு விளக்கு, ‘இப்போதே நிறுத்துக’ என்று கூறுகிறது. ஆயில் கிண்ணி வடிவில் சிவப்பு விளக்கு எரிந்தால், பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஆயில் அழுத்தமின்றிச் சில நிமிடங்கள் ஓடினாலே எஞ்சின் இறுகிப்போகலாம். ஒரு வாஷரில் முடிந்திருக்க வேண்டிய செலவு, எஞ்சினையே பிரிக்கும் செலவாக வளரும். வெப்பமானியின் சிவப்பு எச்சரிக்கை, தரைவரை அமுங்கும் பிரேக் பெடல், சக்கரத்தில் தட்டும் ஓசை ஆகியவற்றுக்கும் இதுவே விதி. ‘வீடு வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற எண்ணம் இங்கு ஆகாது. எச்சரிக்கை தெரிந்தபின்னும் ஓட்டினால், அதனால் பெருகிய சேதத்துக்கு உரிமையாளரே காரணம் என்று ஒர்க்‌ஷாப் வாதிடவும் அது இடம் கொடுக்கும்.

மாதேஸ்வரன் மலை போன்ற பாதையில் செல்வோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். காட்டுப் பகுதியில் கைப்பேசி அலை எல்லா இடத்திலும் கிடைக்காது. பொழுது சாய்ந்தபின் யானை நடமாட்டமும் உண்டு. ஆகவே சர்வீஸ் முடிந்தவுடன் மலையேறாமல், நகருக்குள்ளேயே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, காரின் அடியையும் சக்கரங்களையும் ஒருமுறை நோக்கிய பின் புறப்படுவது விவேகம்.

சான்றைக் காத்தல்

கோளாறு கண்ட உடனே பின்வருவனவற்றைச் செய்ய வேண்டும்.

முதலாவது, கைப்பேசியில் படம் எடுத்தல். ஆயில் கறை, எரியும் விளக்கு, கிலோமீட்டர் காட்டும் மீட்டர் ஆகியவை தெளிவாகத் தெரிய வேண்டும். ஓசையானால் வீடியோவாகப் பதிய வேண்டும். படத்தில் நாளும் நேரமும் பதிவாகியிருப்பது நன்று.

இரண்டாவது, எழுத்து மூலம் தெரிவித்தல். தொலைபேசியில் பேசினாலும், அன்றைக்கே மின்னஞ்சல் அல்லது வாட்ஸ்அப் வழியாக ஜாப் கார்டு எண், பதிவு எண், கிலோமீட்டர், கோளாறு ஆகியவற்றைச் சில வரிகளில் எழுதி அனுப்ப வேண்டும். கோபம் வேண்டாம்; விவரம் போதும்.

மூன்றாவது, பிறர் கை படாமல் காத்தல். வேறு மெக்கானிக் திறந்து பார்த்தபின், தவறு யாருடையது என்பதை நிறுவுவது கடினம். எனினும் வழியில் நின்றுவிட்ட நிலையில் உயிர்ப் பாதுகாப்பே முதன்மை. உள்ளூர் மெக்கானிக்கை அழைக்க நேர்ந்தால், திறக்குமுன் படம் எடுத்து, என்ன கண்டார், என்ன செய்தார் என்பதை எழுதிய ரசீது பெற்று, கழற்றிய பாகத்தையும் பத்திரப்படுத்த வேண்டும்.

நான்காவது, புதிய ஜாப் கார்டு பெறுதல். திரும்பவும் ஒர்க்‌ஷாப்பில் காரை விடும்போது, ‘முந்தைய சர்வீஸுக்குப் பின் தோன்றிய கோளாறு’ என்ற வாசகம் அதில் எழுதப்படுவதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கட்டணம் கேட்டால், அதன் காரணத்தை எழுத்தில் கோரலாம். கார் அவசரமாகத் தேவைப்பட்டால், ‘ஆட்சேபணையுடன் செலுத்தப்பட்டது’ என்று பில்லில் எழுதிச் செலுத்தலாம்.

சட்டம் கூறுவது

ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை, விவேகமுள்ள சாதாரண மனிதர் தமது பொருளைப் பேணும் அளவு கவனத்துடன் அவர் பேண வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151. காரைப் பெற்றுக்கொண்ட ஒர்க்‌ஷாப்புக்கும் இது பொருந்தும். செய்த வேலைக்குரிய கூலி தரப்படும்வரை காரை வைத்துக்கொள்ளும் உரிமையையும் அதே சட்டத்தின் பிரிவு 170 ஒர்க்‌ஷாப்புக்கு அளிக்கிறது. ஆதலின் பில்லைத் தராமல் காரை எடுத்துவரும் முயற்சி உசிதமன்று.

சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வழிவகுக்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். அங்கே தீராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கலாம் என்பது இச்சட்டத்தின் சிறப்பு. மைசூருவில் சர்வீஸ் செய்த கோபிநத்தம்வாசி சாமராஜநகர் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை. கோளாறு எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். சொந்தப் பிழைப்புக்காகத் தாமே டாக்ஸி ஓட்டுபவரும் நுகர்வோராகவே கருதப்படுவார்.

எதிர்பார்ப்பும் அளவுடன் இருக்க வேண்டும். கிளட்ச் கோளாறு தொடர்பாக மாருதி நிறுவனத்துக்கு எதிராக எழுந்த வழக்கொன்றில், உத்தரவாதத்தின்படி குறையுள்ள பாகத்தைப் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோதான் கடமை உண்டு. முழுக் காரையும் மாற்றித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. எனவே, ‘புதுக் கார் வேண்டும்’ என்று கோருவதைவிட, பழுதுபார்ப்பு, மாற்றுப் பாகம், ஏற்பட்ட செலவு ஆகியவற்றை ரசீதுகளுடன் கோருவதே பயன் தரும்.

கடனும் காப்பீடும்

கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது என்பதற்காக மாதத் தவணை நிற்பதில்லை. ஒர்க்‌ஷாப்புடனான பிணக்கு வேறு, கடன் ஒப்பந்தம் வேறு. கோபத்தில் தவணையைத் தவறவிட்டால், அபராதத்துடன் கடன் மதிப்பெண்ணும் குறையும். காரையே நம்பி வருமானம் ஈட்டுவோர் தவணை நாளுக்கு முன்பே கிளை மேலாளரைச் சந்தித்து நிலைமையை விளக்குவது நல்லது.

வழக்கமான மோட்டார் காப்பீடு விபத்துச் சேதத்துக்கே உரியது. இயந்திரக் கோளாறும் மின்கோளாறும் தேய்மானமும் அதில் அடங்கா. எஞ்சின் பாதுகாப்புக்கென்று கூடுதல் பிரீமியம் செலுத்துவோரும், அது எவற்றை ஏற்கிறது என்பதைப் பாலிசியில் படித்தறிய வேண்டும். சாலையோர உதவிச் சேவை தங்கள் ஊர்வரை வருமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஐந்து நிமிடப் பழக்கம்

மீண்டும் நமது வாடிக்கையாளரிடம் வருவோம். அவர் ஆயில் கறையைப் படம் எடுத்தார். அளவுக் குச்சியை இழுத்துப் பார்த்தார். காருடன் தரப்பட்ட ஸ்பேனரால் நட்டுகளைச் சோதித்தபோது இரண்டு தளர்ந்திருப்பதைக் கண்டு வீடியோ எடுத்தார். காரை நகர்த்தாமல் ஒர்க்‌ஷாப்புக்கு எழுதினார். டயரும் ஆயிலும் மாற்றப்பட்டதை ஜாப் கார்டே கூறுகிறது. கோளாறும் அவ்விரு இடங்களிலேயே உள்ளது. இந்நிலையில் ஒர்க்‌ஷாப் மறுப்பதற்கு இடம் குறைவு. அவரே மூன்று வாரம் ஓட்டிவிட்டுக் கேட்டிருந்தால், அதே உண்மை சான்றில்லாத வாதமாக மெலிந்திருக்கும்.

அடுத்த முறை காரைத் திரும்பப் பெறும்போது, பணம் செலுத்துமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஆயில் அளவு, சக்கர நட்டுகள், பிரேக் பெடல், எச்சரிக்கை விளக்குகள், காரின் அடித்தரை ஆகிய ஐந்தையும் சர்வீஸ் ஆலோசகர் அருகிருக்கும்போதே பாருங்கள். பிறகு ஜாப் கார்டையும் பில்லையும் கடன் ஆவணங்களோடு ஒரே உறையில் வையுங்கள். மலைப்பாதையில் துணை வருவது அந்த ஐந்து நிமிடமே. பிணக்கு எழுந்தால் துணை நிற்பது அந்த உறையே.