பிளக்கைச் சொருகும் முன் ஒரு வகுத்தல் கணக்கு

தண்ணீர் காய்ச்சும் ராடின் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். 230 வோல்ட், 1500 வாட் என்று அச்சிட்டிருக்கும். கடையில் நாம் விசாரிப்பது விலையை மட்டும்தான். நம் வீட்டு பிளக் அந்த ராடைத் தாங்குமா என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த மின்சாரக் கணக்கு போதும்.

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 1500-ஐ 230-ஆல் வகுக்க, 6.5 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. இந்த ராடுக்குச் சுமார் 35 ஓம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மறுபடி வாட். அவ்வளவுதான்.

இனி சுவரைப் பாருங்கள். சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது, அதாவது 1380 வாட். இந்த ராடை அதில் சொருகவே கூடாது. 16 ஆம்பியர் பவர் பிளக் 3680 வாட் வரை தாங்கும், உள்ளே போகும் ஒயரும் அதற்கேற்ற கனத்தில் இருந்தால். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் 1000 வாட் அயர்ன் பாக்ஸையும் 1500 வாட் கெட்டிலையும் சேர்த்து ஓட்டினால் கிட்டத்தட்ட 11 ஆம்பியர் பாயும். பாக்ஸில் நாலு ஓட்டை இருப்பதால் நாலிலும் சொருகலாம் என்று அர்த்தமில்லை.

இதைவிட மோசமானது லூஸ் கனெக்‌ஷன். பிளக் முள் சரியாகப் பிடிக்காத இடத்தில் அரை ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, தடையாலும் பெருக்கினால் அங்கே உண்டாகும் வெப்பம் தெரியும்: 6.5 × 6.5 × 0.5, சுமார் 21 வாட். ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அந்தச் சூடு உங்கள் பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. மின்னோட்டம் கூடவில்லை என்பதால் மெயின் போர்டிலுள்ள எம்.சி.பி. சுவிட்ச் ட்ரிப் ஆகாது. முள் கறுத்திருந்தாலோ, கருகல் வாடை வந்தாலோ அந்த பாயின்ட்டை உடனே நிறுத்துங்கள்.

அடுத்தது உயிர்க் கணக்கு. ஈரமான உடம்பின் தடை ஏறத்தாழ 1000 ஓம்தான். 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இதயத்தை நிறுத்த இதுவே தாராளம். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஏதோ ஒரு குண்டு பல்பு எரிவதாகத்தான் தெரியும். ஆளுக்கு ஷாக் அடிக்கும்போது அது சும்மா இருக்கும், ஏனென்றால் அது ஒயரைக் காப்பாற்ற வைத்த கருவி. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று அது பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே நொடிக்கும் குறைவான நேரத்தில் துண்டித்துவிடும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் விழாவிட்டால் மாற்ற வேண்டும். ஆர்.சி.சி.பி. இருந்தாலும், பிளக்கைப் பிடுங்கிய பிறகே ராடு கிடக்கும் தண்ணீரில் கை வைக்க வேண்டும். கணக்கைச் சரிபார்க்கிறேன் என்று மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்து பிளக்கில் குத்துவதும் விபரீதம். அதற்கு கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் இருக்கிறார்.

மின்சாரம் தருபவருக்கும் கடமை உண்டு. வீட்டு இணைப்பில் வோல்டேஜ் 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. 216 முதல் 244 வரை என்று வைத்துக்கொள்ளலாம். 180-க்கு இறங்கினால் நம் 1500 வாட் ராடு சுமார் 920 வாட்தான் தரும். தெருவில் நியூட்ரல் அறுந்தால் 400 வரைகூட ஏறும். அப்போது அதே ராடு 4500 வாட்டைத் தாண்டும், டிவியும் ஃபிரிட்ஜும் போய்விடும். பல்பு திடீரென அளவுக்கு மீறிப் பளிச்சென்று எரிந்தால் முதலில் மெயினை அணையுங்கள். தமிழ்நாட்டில் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. புகார் எண்ணை வாங்கிக் குறித்து வையுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது. ஸ்டெபிலைசர் காட்டும் வோல்டேஜைத் தேதி, நேரத்தோடு படம் எடுத்துப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேலே சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் தந்த வழி இது.

பில் மேல் சந்தேகமா? மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று எழுதியிருந்தால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் பொருள் ஒன்றை மட்டும் ஓட்டுங்கள். சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு 53 முறை அளவில் மினுக்க வேண்டும். வோல்டேஜைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். பெரிய வித்தியாசம் தெரிந்தால் கட்டணம் கட்டி மீட்டரைச் சோதிக்கக் கேட்பது உங்கள் உரிமை.

ராடு, அயர்ன் பாக்ஸ் போன்றவற்றுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதன் கீழுள்ள உரிம எண் உண்மையா என்று பி.ஐ.எஸ். கேர் செயலியில் பார்க்கலாம். பொருள் பழுதென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் கடை ரசீது வேண்டும், கேட்டு வாங்குங்கள். இன்று மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். டெஸ்ட் பட்டன் உள்ள ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை இந்த வாரமே வரச் சொல்லுங்கள்.