பூட்டிய அறையும் பேசும் மனிதர்களும்

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பெரிய சொத்து ஒரு டோடோ பறவையின் தலை. மொரீஷியஸ் தீவிலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் பூண்டோடு அற்றுப்போன பறவை அது. அதன் எலும்புகள் வேறு இடங்களிலும் உண்டு. தோலும் சதையும் ஒட்டிய நிலையில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

முந்நூறு வருடங்களுக்கு மேல் பல்கலைக்கழகத்தின் வசம் இருக்கும் அந்தத் தலையை இன்னும் யாரும் படித்து முடிக்கவில்லை. 2002இல் அதன் டி.என்.ஏ.வை ஆராய்ந்தபோது, இன்று உயிரோடு இருக்கும் பறவைகளில் டோடோவுக்கு மிக நெருங்கிய உறவு நம் நிக்கோபார் தீவுகளில் பறக்கும் நிக்கோபார் புறா என்று தெரிந்தது. 2018இல் வார்விக் பல்கலைக்கழகத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்குள் ஈயக் குண்டுகள்! லண்டனில் காசு வாங்கிக்கொண்டு உயிரோடு காட்டப்பட்ட பறவை இதுவாக இருக்கலாம் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். கடைசியில் பார்த்தால் யாரோ பின்னந்தலையில் சுட்டிருக்கிறார்கள்.

விலங்கியல் வாத்தியாராகவே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதிரிச் செய்திகள் ஆய்விதழில் வந்து, சக ஆய்வாளர்கள் படித்து, அதோடு அடங்கிவிடும் என்பதுதான் எனக்குப் பழக்கம். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது இந்த அருங்காட்சியகத்தில் வேறொரு வழக்கத்தைப் பார்த்தேன்: ஆய்வாளர்களே வந்து நின்று பொதுமக்களிடம் பேசுகிறார்கள்.

1860இல் கட்டிடம் திறந்தபோது வேதியியல், இயற்பியல், உடற்கூறியல், நிலவியல் எல்லாம் இந்த ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. துறைகள் பெருத்ததும் ஒவ்வொன்றாகத் தனிக் கட்டிடம் தேடிப் போயின, சேகரிப்புகள் தங்கிவிட்டன. இருபதாம் நூற்றாண்டிலும் டோரதி ஹாட்ஜ்கின் இங்கேதான் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். பெனிசிலின் மூலக்கூறின் அமைப்பை 1945இல் கண்டுபிடித்தவர், 1964இல் நோபல் பரிசு பெற்றவர். ஆக, போய்விட்ட ஆய்வாளர்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பொதுமக்கள் முன்னால் நிறுத்துவது இந்த இடத்துக்குப் புதிய வேலை இல்லை, பழைய உறவுதான்.

நான் போன அன்று ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ஊசி குத்திய வண்டுகள் வரிசையாக இருந்த தட்டோடு ஒரு மேசைக்குப் பின்னால் நின்றாள். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்து, "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, இத்தனை எதுக்கு?" என்று கேட்டான். இந்தப் பல்கலைக்கழகத்திடம் இருப்பது ஐம்பது லட்சம் பூச்சிகளுக்கு மேல்; கேட்க வேண்டிய கேள்விதான். ஒவ்வொன்றின் கீழும் குத்தியிருந்த துண்டுச் சீட்டை அவள் காட்டினாள். எந்த ஊர், எந்தத் தேதி. ஒரே இடத்தில் நூறு வருடமாகப் பிடித்த வண்டுகளை அடுக்கினால், அது எப்போது குறையத் தொடங்கியது, எந்த வருடத்தோடு காணாமல் போனது என்று தெரியும். "ஒண்ணு மட்டும் வச்சிருந்தா அது இருந்துச்சுன்னுதான் தெரியும். எப்போ போச்சுன்னு தெரியாது." பல்லுயிர் குறைவு பற்றி நான் எடுத்த வகுப்பு எதிலும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

இந்த மேசைக்குப் பின்னால் நல்ல மனது மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. பிரிட்டனில் பல்கலைக்கழக ஆய்வை மதிப்பிடும்போது, அது சமூகத்தில் என்ன மாற்றம் செய்தது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. 2014 மதிப்பீட்டில் அதற்கு 20 சதவீதம், 2021இல் 25. அதனால் பேராசிரியர்களும் இறங்கி வருகிறார்கள். 2018இல் பாக்டீரியா பற்றி ஒரு கண்காட்சி வைத்தபோது, கூரையிலிருந்து 28 மீட்டர் நீள ஈ.கோலை பலூனைத் தொங்கவிட்டார்கள். அண்ணாந்து பார்க்கிற கூட்டத்திடம் பேச ஆய்வாளருக்கும் வாய் வரும்.

பேச்சு ஒருவழிப் பாதையாக இருந்தால் அது பிரசங்கம்தான். அதே பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார் வெண்கலச் சிலையைப் பற்றி நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். வெளியாள் ஒருவர், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் 1957ஆம் வருடப் புகைப்படத்தோடு ஒப்பிட்டு, கும்பகோணம் பக்கத்துப் பெருமாள் கோயில் ஒன்றில் இருந்த சிலை இது என்று எடுத்துக்காட்டினார். அருங்காட்சியகமே 2019இல் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொன்னது. திருப்பித் தர 2024 மார்ச்சில் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. வெளியிலிருந்து வரும் ஆராய்ச்சிக்கும் காது கொடுத்தால் ஆழ்வாருக்கும் வழி பிறக்கும்.

நம் ஊர்ப் பழைய கல்லூரிகளில் விலங்கியல் துறைக்கென்று ஓர் அருங்காட்சியக அறை இருக்கும். ஃபார்மலின் பாட்டில்களில் பாம்பு, கடல்குதிரை, சுறாக்குட்டி. சுவரோரம் ஓர் எலும்புக்கூடு. நான் வேலை பார்த்த இடத்திலும் இருந்தது. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தவை நிறைய. பாட்டிலில் லத்தீன் பெயர் மட்டும் எழுதியிருக்கும். எந்தக் கரையில், யார் வலையில், எந்த மாதம் கிடைத்தது என்பதெல்லாம் லேப் அட்டெண்டருக்குத்தான் தெரியும். பரதவர் வீட்டுப் பிள்ளை அவர். "சார், இது இப்ப இந்தப் பக்கம் படுறதே இல்ல" என்று ஒரு மீனைக் காட்டிச் சொல்வார். வண்டுத் தட்டை வைத்து அந்த மாணவி சொன்னதும் இதையேதான். அவர் ஓய்வு பெற்றபோது அந்தத் தகவல் எதுவும் பதிவேட்டில் ஏறவில்லை.

வளாகத்தின் அறிவு என்று நாம் முனைவர் பட்டங்களை மட்டும் எண்ணுகிறோம். அட்டெண்டர், தோட்டக்காரர், விடுதிக்கு மீன் கொண்டுவரும் பெண், முதலாண்டு மாணவர் எல்லாரும் அந்த அறைக்குச் சொந்தக்காரர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறையைத் திறந்து விடலாம். ஓர் ஆய்வு மாணவர் ஒரே ஒரு பாட்டிலோடு நின்று பேசட்டும். பக்கத்தில் அட்டெண்டரும் நிற்கட்டும். வருகிற கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த ஆய்வுக்குத் தலைப்பு அதிலிருந்தே கிடைக்கும். பாட்டிலுக்கு மூன்று வரியில் தமிழ் லேபிள் ஒட்டலாம். இதற்கெல்லாம் பல்கலைக்கழக மானியக் குழுவிடம் பணம் கேட்க வேண்டியதில்லை. சாவி துறைத்தலைவர் மேசை டிராயரில்தான் கிடக்கிறது.