தண்டவாளத்துக்கு ஓர் உலோகக் கவசம்

2000ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 17ஆந் திகதி, நண்பகல் கடந்த சிறிது நேரத்தில், இலண்டனிலிருந்து லீட்ஸ் நகர் நோக்கி மணிக்கு ஏறத்தாழ 185 கிலோமீற்றர் வேகத்தில் விரைந்துகொண்டிருந்த புகையிரதம் ஒன்று ஹட்பீல்ட் என்னுமிடத்தில் தடம்புரண்டது. உணவுச்சாலைப் பெட்டியில் இருந்த நால்வர் மாண்டனர். 70 பேருக்குமேல் காயமுற்றனர். வளைவிலே கிடந்த தண்டவாளமோ 300க்கு மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிப்போயிற்று. அதில் வெடிப்புகள் இருந்தமை முன்னரே அறியப்பட்டிருந்தும், உரிய காலத்தில் அது மாற்றப்படவில்லை என்பதுதான் நெஞ்சை உறுத்தும் செய்தி.

இரும்பும் களைக்குமோ? களைக்கும். சில்லும் தண்டவாளமும் ஒன்றையொன்று தொடும் இடம் ஒரு சிறு நாணயத்தின் அளவேயாகும். அவ்வளவு சிறிய இடத்திலே பல தொன் பாரம் அழுத்துகிறது. இலட்சக்கணக்கான சில்லுகள் உருண்டு செல்ல, மேற்புறம் சிறிது சிறிதாக இழுபட்டு, மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. அவை கீழ்நோக்கி இறங்கிவிட்டால் ஒருநாள் தண்டவாளம் முறிந்தே தீரும்.

வெடித்த மேற்பரப்பை அரைத்து நீக்குவது வழமையான வைத்தியம். ஆனால் அரைக்க அரைக்கத் தண்டவாளமும் குறையுமல்லவா? குறைந்ததை நிரப்பி, அதற்குமேல் வலிமையும் ஊட்ட லேசர் கைகொடுக்கிறது. 1960இல் தியடோர் மெய்மன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி முதன்முதல் இயக்கிக் காட்டிய அதே ஒளிக்கதிர்தான். அக்கதிர் தண்டவாளத்தில் ஒரு சிறு இடத்தை உருக்க, அதே கணத்தில் நுண்ணிய உலோகத்தூள் வாயுவுடன் அங்கு ஊதப்படுகிறது. இரண்டும் உருகி ஒன்றாய் உறைகின்றன. இதைப் பூச்சு என்று சொன்னாலும், சுவரில் அடித்த சுண்ணாம்பைப்போல உரிந்து விழுவதன்று. அடியிலுள்ள உருக்கோடு பிணைந்துவிடுவது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. காய்ச்சிய கத்தியைக் கொல்லன் நீரில் தோய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரி மிகுந்த உருக்கு சடுதியாகக் குளிர்ந்தால் கடினமாகும். கூடவே நொருங்குந் தன்மையும் பெறும். தண்டவாள உருக்கில் ஏறத்தாழ 0.7 வீதம் கரி இருப்பதால், கவசத்தின் அடியிலேயே புதிய வெடிப்புத் தோன்றக்கூடும். நோயைத் தீர்க்க வந்த மருந்தே நோயாகிவிடலாம்! ஆகவே தண்டவாளத்தை முன்னதாகச் சூடாக்கி, ஆறுதலாகக் குளிரவிடுகின்றனர்.

இங்கிலாந்தின் ஷெபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கறையில் உருக்கையும் கோபால்ற்றுக் கலப்புலோகத்தையும் இவ்வாறு படியவைத்து, இரு வட்டுகளை ஒன்றோடொன்று அழுத்தி உருட்டிப் பரிசோதித்தனர். கவசமிட்டவை மிகக் குறைவாகவே தேய்ந்தன.

நீண்ட பாதை முழுவதற்கும் இவ்வாறு செய்வது பெருஞ் செலவு, அது தேவையுமன்று. வளைவுகளும் தடம்மாற்றுங் கட்டைகளுமே இதற்கு உரிய இடங்கள். மின்தடுப்பு மூட்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். சமிக்ஞை விளக்குகளுக்கான மின்னோட்டம் தண்டவாளத்தின் வழியே செல்வதால், சில இடங்களில் இரு துண்டுகளுக்கிடையே மின்கடத்தாப் பொருள் வைக்கப்படும். சில்லுகள் நசுக்க நசுக்க, உருக்கு நாக்குப்போல நீண்டு மறுதுண்டைத் தொட்டுவிடுவதுண்டு. அப்பொழுது வெறும் பாதையிலும் சிவப்பு விளக்கு எரியும். புகையிரதங்கள் காரணமின்றிக் காத்து நிற்கும். மூட்டின் விளிம்பிலே கடினமான உலோகத்தைப் படியவைத்தால் அந்த நாக்கு நீளாது.