ஆப்பிரிக்காவில் பணமாகப் புழங்கிய புதுச்சேரி நீலத்துணி... ரோடியர், சவானா மில்கள் வந்ததும் போனதும் எப்படி?

புதுச்சேரியில் லாஸ்பேட்டை என்றதும் விமான நிலையமும் கல்லூரிகளும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பெயரைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் குறைவு. 'பேட்டை' நம்ம சொல். வணிகமும் சந்தையும் நடக்கும் ஊர்ப்பகுதிக்குப் பேட்டை என்று பெயர். முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை எல்லாம் அப்படித்தான். அப்போ 'லா' யார்?

1765 முதல் 1777 வரை பிரெஞ்சு கவர்னராக இருந்த ஜான் லா தெ லொரிஸ்தோன் என்பவரின் பெயரில்தான் அந்த ஊர் அமைந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். நாலு வருஷம் கழித்து ஊரைத் திரும்ப வாங்கி மறுபடியும் கட்டியவர் இந்த லா. இவருடைய பெரியப்பா ஜான் லா, பிரான்சில் வங்கி ஆரம்பித்து, கிழக்கே வணிகம் செய்த கம்பெனிகளை 1719-ல் ஒன்றாக இணைத்து, கடைசியில் எல்லாவற்றையும் திவாலாக்கிவிட்டு ஓடிய பிரபல மனிதர். அந்தக் கம்பெனிதான் புதுச்சேரியை ஆண்டது.

அந்தக் கம்பெனி இங்கே வாங்கியதில் முதலிடம் துணிக்கு. கோட்டை, கவர்னர், பட்டாளம் எல்லாமே துணிக் கட்டுகள் பத்திரமாகக் கப்பல் ஏறுவதற்காக வந்தவைதான். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் புரட்டினால், அரசியலுக்கு நடுவே துணி வியாபாரிகளின் ஒப்பந்தமும் பாக்கியும் வந்துகொண்டே இருக்கும்.

இதுவரை சோழமண்டலக் கரையில் எல்லா ஊர்களின் கதையும் ஒன்றுதான். அதற்கப்புறம்தான் புதுச்சேரி வேறு பாதையில் போனது.

மற்ற ஊர்த் தறிகள் நின்றன, இங்கே ஏன் ஓடின?

18-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் நூற்பு இயந்திரங்கள் வந்தன. அடுத்து விசைத்தறி. மான்செஸ்டர் துணி மலிவாக வந்து இறங்கியதும், ஐரோப்பாவுக்குத் துணி ஏற்றுமதி செய்துவந்த சோழமண்டலக் கரையின் வணிகம் 1820, 30-களுக்குள் சரிந்தது. ஆனால் புதுச்சேரியைச் சுற்றி ஒரே ஒரு சரக்குக்கு மட்டும் தேவை குறையவில்லை. அதுதான் 'கினி' என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த நீலத்துணி.

கினி என்பது மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்போதிருந்த பெயர். துணி அங்கே போனதால் அந்தப் பெயரே துணிக்கும் ஒட்டிக்கொண்டது. 18-ம் நூற்றாண்டில் அந்தக் கரையில் மனிதர்களை அடிமைகளாக வாங்கக் கொடுத்த பண்டங்களில் இந்தியத் துணிக்குப் பெரிய பங்கு உண்டு. நம்ம நெசவாளிகளுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் இந்தத் துணியின் வரலாற்றைச் சொல்லும்போது அதைத் தாண்டிப் போக முடியாது.

அடிமை வணிகம் தடை செய்யப்பட்ட பிறகு செனகல் ஆற்றங்கரையில் வேறொரு சரக்கு முன்னுக்கு வந்தது: அரபிக் கோந்து. நம்மூர் கருவேல மரத்தின் உறவுக்கார மரத்தில் வடியும் பிசின் அது. பாலைவன ஓரத்தில் வாழ்ந்த மூர் வணிகர்கள் அதைச் சேகரித்து ஆற்றங்கரைக்குக் கொண்டுவருவார்கள். பிரெஞ்சு வியாபாரிகள் பதிலுக்குக் கொடுத்தது புதுச்சேரி நீலத்துணி. கோந்தின் விலையே "ஒரு துணிக்கு இத்தனை கிலோ" என்றுதான் பேசப்பட்டது. அதாவது நம்ம துணி அங்கே பணம். அளவு கிட்டத்தட்ட 16 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், இரண்டு கிலோவுக்கு மேல் எடை. 1830-களில் ஒரே ஆண்டில் லட்சத்துக்கும் மேற்பட்ட துணிகள் செனகலின் செயின்ட் லூயி துறைமுகத்தில் இறங்கியதுண்டு.

சரி, அந்தக் கோந்தை பிரான்ஸ் என்ன செய்தது? துணியில் பூ, கொடி அச்சடிக்கும்போது சாயம் கசியாமல் கெட்டியாக நிற்க அது தேவைப்பட்டது. இந்திய அச்சுத் துணியைப் பார்த்து அதே மாதிரி செய்யக் கற்றுக்கொண்ட ஐரோப்பிய ஆலைகளுக்குத்தான் அந்தக் கோந்து போனது. நம்ம துணியைக் கொடுத்து வாங்கிய பிசினை வைத்தே நம்ம துணிக்குப் போட்டி தயாரானது!

மூக்கால் கண்டுபிடித்தார்கள்

இவ்வளவு தேவை இருக்கும்போது பிரான்சிலேயே செய்துவிடலாமே? செய்து பார்த்தார்கள். பிரான்சின் ரூவான் நகர ஆலைகள் போலி கினி தயாரித்து அனுப்பின. செனகல் கரையில் அது எடுபடவில்லை. தொட்டுப் பார்த்தும் மோந்து பார்த்துமே புதுச்சேரித் துணியா, போலியா என்று சொல்லிவிட்டார்கள் என்று அந்தக் காலத்துப் பதிவுகள் சொல்கின்றன. சாயத்தின் வாசனை, பளபளப்பு, உடுத்தினால் தோலில் ஏறும் நீலம் எல்லாம் அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும்.

அந்த வாசனை எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள சாயப்பட்டறைக்குள் போக வேண்டும். தென்னார்க்காடு பகுதியில் அவுரி அப்போது நிறைய விளைந்தது. செடியைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, அந்தத் தண்ணீரை அடித்துக் கலக்கினால் நீலம் அடியில் படியும். அதை வடித்து, காயவைத்துக் கட்டியாக்குவார்கள். ஆனால் இந்தக் கட்டி தண்ணீரில் கரையாது. அதனால் சாயத் தொட்டியில் சுண்ணாம்புத் தெளிவோடு வேகவைத்த தகரை விதையையும் சேர்த்து மறுபடி புளிக்க விடுவார்கள். புளித்த தொட்டியில் முக்கி எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்று பட்டதும் கண் முன்னாலேயே நீலமாக மாறும். அடர்ந்த நிறம் வேண்டுமென்றால் திரும்பத் திரும்ப முக்க வேண்டும். தொட்டி புளித்த பதத்தை மூக்கை வைத்தே சொல்லும் கைப்பழக்கம் அது. சாயக்காரரின் மூக்குக்குத் தெரிந்தது, கடல் தாண்டி வாங்குகிறவரின் மூக்குக்கும் தெரிந்தது.

அதற்காக எல்லாமே உயர்ந்த சரக்காகப் போனது என்று நினைக்க வேண்டாம். தேவை ஏறியதும் நூலைக் குறைத்து நெய்வது, மேலோட்டமாகச் சாயம் போடுவது எல்லாம் நடந்தது. துணியே பணம் என்னும்போது இது கள்ளநோட்டு மாதிரி. புகார் குவிந்து, 1843-ல் பிரெஞ்சு அரசு ஆணை போட்டு கினித் துணிக்கு நீளம், அகலம், எடை என்று அளவுகளை நிர்ணயித்தது.

சவானா மில்: பம்பாய்க்கு முன்பே

இந்த நீலத்துணிச் சந்தையை நம்பித்தான் புதுச்சேரிக்கு இயந்திரம் வந்தது. 1826-ல் நிர்வாகத்துக்கு வந்த தெபாசின் தெ ரிஷ்மோன், நூற்பாலை தொடங்க முதலாளிகளுக்கு ஊக்கம் கொடுத்தார். 1820-களின் இறுதியிலேயே இங்கே நூற்பு இயந்திரங்கள் ஓடத் தொடங்கிவிட்டன. பிற்காலத்தில் 'சவானா மில்' என்று ஊர் அழைத்தது இந்த ஆலையைத்தான். பம்பாயின் முதல் பருத்தி ஆலைக்கு 1854-ல்தான் அடித்தளம் விழுந்தது. அதனால் "இந்தியாவின் முதல் மில் இதுதான்" என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியில்லை, கல்கத்தா பக்கம் ஃபோர்ட் கிளாஸ்டரில் அதற்கு முன்பே ஆலை இருந்தது. ஆனால் தென்னிந்தியாவில் புதுச்சேரியை முன்னோடி என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆரம்பத்தில் மில்லும் கைத்தறியும் எதிரிகள் இல்லை. மில் நூல் நூற்கும், நெசவாளி நெய்வார், சாயக்காரர் முக்குவார். கையால் நூற்றுக்கொண்டிருந்த பெண்களின் வேலைதான் முதலில் போனது. பிறகு தறிகளும் மில்லுக்குள்ளேயே வந்தன. அப்போது நெசவாளிக்கு இருந்த வழி ஒன்று கடன், இல்லாவிட்டால் மில் கேட்.

செனகல் பக்கமும் நிலைமை மாறியது. பெல்ஜியம் மாதிரியான நாடுகளின் ஆலைத் துணி மலிவாக வந்து இறங்க, புதுச்சேரித் துணியைக் காப்பாற்ற 1877-ல் வெளிநாட்டு கினிகள் மீது தனித் தீர்வை போடப்பட்டது. மலிவுச் சரக்கு வேண்டும் என்ற செனகல் வியாபாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. ஒரே பிரெஞ்சுக் கொடியின் கீழே இருந்த இரண்டு காலனிகள் துணிக்காக மல்லுக்கட்டின.

தீர்வைச் சுவருக்கு உள்ளே இருந்தால் லாபம் என்று தெரிந்ததும் ஆலைகள் வரிசை கட்டின. பிற்காலத்தில் புதுச்சேரி மேயராக இருந்த ஹென்றி கெப்ளேவின் மில் வந்தது. 1898-ல் ரோடியர் மில் வந்தது. அந்த ஆண்டு கவர்னராக வந்தவர் பெயரும் ரோடியர்தான். ரோடியர் மில்லை நடத்திய கம்பெனியின் பெயரைக் கவனியுங்கள்: ஆங்கிலோ-பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ். ஆங்கிலேய முதலீடு, பிரெஞ்சு மண். சுருக்கமாக ஏஎஃப்டி.

1936 ஜூலை 30

20-ம் நூற்றாண்டு வந்தபோது இந்த மூன்று மில்கள்தான் ஊருக்குப் பெரிய பிழைப்பு. சங்கு ஊதினால் தெருவே எழுந்திருக்கும். வேலை நேரம் பத்து மணி நேரத்துக்கும் மேல். பெண்களும் சிறுவர்களும் வேலை செய்தார்கள். பிரான்சில் தொழிலாளர்களுக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பு எதுவும் இங்கே செல்லாது, சங்கம் வைக்கும் உரிமை உட்பட.

வ. சுப்பையா தலைமையில் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டுத் திரண்டார்கள். 1936 ஜூலையில் மில்லை விட்டு வெளியேறாமல் உள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 30-ம் தேதி சவானா மில்லில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

அப்போது பாரிஸில் யார் ஆட்சி தெரியுமா? லெயோன் பிளூம் தலைமையிலான இடதுசாரிக் கூட்டணி. பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்கு வாரம் 40 மணி நேர வேலை, சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மில்லுக்குள்ளேயே உட்கார்ந்து போராடும் முறையைத்தான் பிரான்ஸ் தொழிலாளர்களும் அந்த ஜூன் மாதம் கையாண்டார்கள். அங்கே பேச்சுவார்த்தை நடந்தது. இங்கே சுட்டார்கள்.

விஷயம் பாரிஸ் வரை போனது. 1937 ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிலாளர் ஆணை வந்தது. எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கிடைத்தது இப்படித்தான். ஆசியாவிலேயே இதுதான் முதல் என்று புதுச்சேரி மேடைகளில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். ஒவ்வொரு ஜூலை 30-ம் தேதியும் தொழிற்சங்கங்கள் அந்தத் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்துகின்றன.

எல்லை போனதும் சந்தையும் போனது

1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஊருக்கு அது விடுதலை. மில்லின் கணக்குப் புத்தகத்தில் அது வேறு மாதிரி பதிவானது. பிரெஞ்சுக் காலனிகளில் கிடைத்த தீர்வைச் சலுகைக்கு இனி இடமில்லை. செனகல் 1960-ல் தனி நாடானது. இந்தப் பக்கம் கோவை மில்களோடும், பிறகு ஈரோடு, சேலம் விசைத்தறிகளோடும் மோத வேண்டியிருந்தது. அதுவும் பழைய இயந்திரங்களை வைத்துக்கொண்டு.

பெயர்கள் மாறின. சவானா 'சுதேசி' ஆனது, கெப்ளே 'பாரதி' ஆனது. இரண்டும் தேசிய ஜவுளிக் கழகத்தின் கையில் இருந்து பிறகு மாநில அரசிடம் வந்தன. 1980-களின் தொடக்கத்தில் மூடிய ஏஎஃப்டி-யை, தொழிலாளர் போராட்டத்துக்குப் பின் புதுச்சேரி அரசே எடுத்து நடத்தியது. தேர்தல்தோறும் "மில்லைக் காப்பாற்றுவோம்" என்பது எல்லாக் கட்சிக்கும் பொதுவான வாக்குறுதி. இயந்திரங்களைப் புதுப்பிக்கும் பணம் மட்டும் போதுமான அளவுக்கு வந்ததில்லை.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்தபோது ஏஎஃப்டி கூரைகளும் இயந்திரங்களும் பலத்த சேதமடைந்தன. அதன் பிறகு தொழிலாளர்களுக்குப் பழகிப்போன சொல் 'லே-ஆஃப்'. அதாவது வேலை கிடையாது, பாதிச் சம்பளம். அதுவும் மாதக்கணக்கில் நிலுவை. 2020 ஏப்ரல் 30-ம் தேதியோடு ஏஎஃப்டி நிரந்தரமாக மூடப்பட்டது. நாடே கொரோனா ஊரடங்கில் கிடந்த நேரம். கடைசி நாளில் கேட்டுக்கு முன்னால் கூட்டம் கூடக்கூட வழியில்லை.

இப்போது மில் வளாகத்தில் இருக்கும் நிலம்தான் பேசுபொருள். புதுச்சேரி பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டியபோது ஏஎஃப்டி திடல்தான் தற்காலிகப் பேருந்து நிலையம். மழை பெய்தால் சேறு என்று பயணிகள் திட்டிக்கொண்டே ஏறி இறங்கினார்கள். உள்ளே இருக்கும் பழைய கட்டடங்களை என்ன செய்வது என்ற கேள்வியும், முன்னாள் தொழிலாளர்களின் பாக்கித் தொகை என்ற கேள்வியும் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் எழுந்துகொண்டிருக்கின்றன.