முற்றத்தைப் படிக்க ஒரு பயணம்: முட்டுக்காடு, காரைக்குடி, நவல்கட்

ராஜஸ்தானின் வடகிழக்கில் ஷெகாவதி என்றொரு வட்டாரம் இருக்கிறது. ஜுன்ஜுனு, சீகர், சூரு மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் வறண்ட நிலம். நவல்கட், மண்டாவா, ஃபதேபூர் போன்ற ஊர்களில் தெருவுக்குத் தெரு ஹவேலிகள் நிற்கின்றன. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், சுவரெங்கும் ஓவியம். கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் தொழில் செய்யப் போன மார்வாரி வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சொந்த ஊருக்கு அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகள் இவை. பிர்லா குடும்பத்தின் பூர்வீக ஊரான பிலானியும் இந்தப் பக்கம்தான்.

இந்த ஹவேலிகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை தென்சென்னைப் புறநகர்க்காரர்கள் பலருக்கு உண்டு. தாம்பரத்திலோ சேலையூரிலோ இருந்துகொண்டு அப்படி ஒரு பயணம் திட்டமிடுகிறவர்களுக்கு என் யோசனை: முதலில் முட்டுக்காட்டுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். அடுத்து காரைக்குடி. அதன் பிறகு நவல்கட். முற்றம் என்பது வெயில், காற்று, மழை மூன்றிடமும் வேலை வாங்கும் ஒரு பொறி. கடலோரத்தில் ஒரு விதமாகவும், வறண்ட உள்நாட்டில் இன்னொரு விதமாகவும், பாலைவன ஓரத்தில் வேறு விதமாகவும் அது இயங்குகிறது. அந்த இயக்கம் புரிந்த கண்ணோடு போனால் ஒவ்வொரு வீடும் பேசும். புரியாமல் போனால் பத்து வீடு பார்த்த பிறகும் தூண், கதவு, புகைப்படம் என்பதோடு நின்றுவிடும்.

வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்து வடக்கே திரும்பினால் முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா. மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் நிறுவிய இந்த அருங்காட்சியகம் 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. லாரி பேக்கர் வடிவமைத்த வளாகம். தென்மாநிலங்களில் இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து, அதே மரத்தையும் ஓட்டையும் கொண்டு இங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, திருநெல்வேலிச் சீமை ஆம்பூரின் அக்கிரகார வீடு, கேரளத்துப் புதுப்பள்ளியின் சிரியன் கிறித்தவர் வீடு எல்லாம் நடந்தே போகும் தூரத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

செட்டிநாட்டு வீட்டின் வாசலில் நின்று முதலில் நேராகப் பாருங்கள். தெருக்கதவு, நடை, முற்றம், பின்கட்டு, கொல்லைக் கதவு எல்லாம் ஒரே கோட்டில் வருகின்றன. காற்று திரும்பாமல் ஓட ஒரு பாதை அது. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று இறங்கிய பிறகு முற்றத்தின் ஓரத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் இந்தப் பாதை என்ன செய்கிறது என்பது உடம்புக்கே தெரியும். முற்றத்தின் தரை வெயிலில் சூடேறும். அதற்கு மேலுள்ள காற்று சூடாகி மேலெழும்பும். அந்த இடத்தை நிரப்ப நிழலான நடை வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். கடற்கரையில் இந்த இழுப்போடு கடற்காற்றின் தள்ளலும் சேர்ந்துகொள்கிறது.

ஆனால் முற்றத்தின் இன்னொரு பாதி வேலை இரவில் நடக்கிறது, அது முட்டுக்காட்டில் முழுசாகக் கிடைக்காது. பகலெல்லாம் வெயில் தாங்கிய கூரையும் தரையும் இரவில் திறந்த வானத்தை நோக்கி வெப்பத்தை வெளியேற்றுகின்றன. குளிர்ந்த காற்று கனமானது. அது கூரைச் சரிவு வழியே முற்றத்தில் இறங்கி, தாழ்வாரத்தில் பரவி, அறைகளுக்குள் நுழைகிறது. கனமான சுவர்கள் அந்தக் குளிர்ச்சியை வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் பிற்பகல் வரை மெல்ல மெல்லத் தருகின்றன. இதற்குத் தெளிந்த வானமும் வறண்ட காற்றும் வேண்டும். காற்றிலுள்ள ஈரம் வெப்பம் வெளியேறுவதைத் தடுத்துவிடும். வியர்வை காயாத சென்னை இரவில் அதனால்தான் முற்றம் மட்டும் போதாது. காற்றோட்டமும் சேர வேண்டும். உள்நாட்டுக்குப் போக ஒரு காரணம் இதுவே.

தாம்பரத்திலிருந்து செட்டிநாடு போவது எளிது. பிற்பகல் புறப்படும் பல்லவன் எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நின்று, திருச்சி, புதுக்கோட்டை வழியாக இரவில் காரைக்குடி சேர்கிறது. புதிய பாம்பன் பாலம் திறந்த 2025 ஏப்ரலில் தொடங்கிய தாம்பரம்–ராமேசுவரம் வண்டி மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாகப் போய் விடியுமுன் காரைக்குடியில் இறக்கிவிடும். பேருந்து என்றால் கிளாம்பாக்கம். என் ஓட்டு பல்லவனுக்கு. இரவே போய்ச் சேர்ந்து, விடுதியாக மாறியிருக்கும் பழைய வீடு ஒன்றில் தூங்கி, விடியற்காலையில் எழுந்து முற்றத்தில் வெறுங்காலோடு நடக்கலாம். இரவில் பொறி செய்த வேலையைப் பாதம் சொல்லிவிடும்.

நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மா, இலங்கை, மலாயா எனக் கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் நடத்திச் சம்பாதித்துச் சொந்த ஊரில் கட்டியவை இந்த வீடுகள். பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கும் 1940களுக்கும் இடையே எழுந்தன. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி என்று வழிகாட்டிகள் பட்டியல் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டே அமைப்பைக் கவனியுங்கள். முகப்பு, அதைத் தாண்டி வளவு, பிறகு இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, கடைசியில் கொல்லை. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வளவு என்பது முதல் முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் அறைகளும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அங்கே ஓர் அறை. குடும்பத்தின் பெரிய சடங்குகள் நடப்பதும் அங்கேதான். பின்கட்டுகள் சாப்பாட்டுக்கும் சமையலுக்கும். அடுப்பின் புகையும் சூடும் அந்த முற்றங்கள் வழியாகவே மேலே போய்விடுகின்றன, முன்வீட்டுக்கு வருவதில்லை.

காரைக்குடி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 டிகிரியில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். தாம்பரத்தில் இது ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நடக்கிறது. நிழலில்லா நாள் என்று பள்ளிகளில் குச்சி நட்டுக் காட்டுவார்களே, அது. அந்த நாட்களின் நண்பகலில் சுவர் எவ்வளவு உயரமிருந்தாலும் முற்றத்துக்குள் நிழல் தராது. அதனால்தான் நம் வீடுகளில் தாழ்வாரம் இவ்வளவு அகலம், கூரை இவ்வளவு தாழ்வாக இறங்குகிறது. வெயில் முற்றத்தில் மட்டும் விழும், மனிதர்கள் ஓரத்து நிழலில் புழங்குவார்கள். ஷெகாவதி 28 டிகிரிக்கு அருகில் இருக்கிறது. அங்கே சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வராது. உயரமான சுவர்களுக்கு நடுவே ஆழமாக முற்றம் வைத்தால் கோடையிலும் ஏதாவது ஒரு பக்கம் நிழல் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இனிச் சுவருக்கு வருவோம். செட்டிநாட்டில் எனக்கு மிகப் பிடித்தது தேக்கும் பளிங்கும் இல்லை, சுண்ணாம்புப் பூச்சுதான். புறங்கையை வைத்துப் பாருங்கள், நடுப்பகலிலும் சில்லென்றிருக்கும். நகத்தால் தடவினால் வழுக்கும். வர்ணமே அடிக்காத வெள்ளைச் சுவர், எதிரே நிற்பவரின் உருவம் மங்கலாகத் தெரியும் அளவுக்குப் பளபளப்பு. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டுத் தண்ணீரில் நீற்றி, நாள்கணக்கில் ஊறவைக்கிறார்கள். அடிப்பூச்சில் மணல் சேரும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் சேரும். மேலே போகப் போகப் பூச்சு மெல்லிசாகவும் நைசாகவும் ஆகிறது. கடைசிப் பூச்சு மையாக அரைத்த சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்தது. அது இறுகி வரும் பதம் பார்த்து வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டால் பூச்சு பிய்ந்துவிடும். தாமதித்தால் மெருகு ஏறாது.

உள்ளே நடக்கும் வேதியியல் இது. சுட்ட சுண்ணாம்பு தண்ணீரில் நீறிக் கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. சுவரில் ஏறிய பிறகு அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறுகச் சிறுக இழுத்து, கால்சியம் கார்பனேட்டாக, அதாவது பழையபடி சுண்ணாம்புக்கல்லாகவே மாறிவிடுகிறது. இந்த மாற்றம் ஆண்டுக்கணக்கில் தொடர்வதால் பூச்சுக்கு வயதாக வயதாக வலு கூடுகிறது. கருப்பட்டியின் சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் கூடுதலாகக் கரையவைக்கும். வெள்ளைக்கருவின் புரதம் நுண்துகள்களைப் பிணைத்துப் பரப்பைச் சீராக்கும். முடிந்த சுவர் கல்லைப் போல இறுகினாலும் ஈரத்தை வாங்கி வெளிவிடவும் செய்கிறது. சிமெண்டுப் பூச்சின் மேல் பிளாஸ்டிக் பெயிண்டு அடித்த நம் புறநகர்ச் சுவர் மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாகப் பெயர்வது, உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் போவதால்.

கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையை வெளியிலிருந்து பார்க்கலாம். ஆத்தங்குடியில் பெரிய வீடு என்றும் லட்சுமி வீடு என்றும் சொல்லப்படும் வீட்டுக்குள் கட்டணம் செலுத்திப் போகலாம். காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீடு. மற்ற வீடுகளில் பல பூட்டியிருக்கும். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று சிதறியவர்கள் கல்யாணத்துக்கும், முன்னோரை வழிபடும் படைப்புக்கும்தான் ஒன்றுகூடுவார்கள். காவலுக்கு இருப்பவரிடம், 'வளவு வரைக்கும் பாத்துட்டு வந்துடறோம்ண்ணே' என்று பணிவாகக் கேட்டால் திறந்துவிடுவதும் உண்டு. திறந்தால் செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் இருக்கும்போதே வீடுகள் உடைபடுகின்றன. 1930களின் பொருளாதார மந்தமும், 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் நகரத்தாரின் வருமானத்தின் வேரையே அறுத்தன. பராமரிக்க ஆளும் பணமும் இல்லாத வீடு கடைசியில் தூண் தூணாக, கதவு கதவாகப் பிரிகிறது. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் அவற்றைப் பார்ப்பீர்கள். தயவுசெய்து தூணை வாங்காதீர்கள். விற்கும் தூணுக்குப் பின்னால் பிரித்த வீடு ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு ஏதாவது கொண்டுவர ஆசையென்றால் ஆத்தங்குடிக் கல் வாங்குங்கள்.

அது இன்றும் கையால் செய்யப்படும் தரைக்கல். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைக்கிறார்கள். பூவோ கட்டமோ, வேண்டிய வடிவத்தின் அச்சை அதற்குள் இறக்கி, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கும் அந்த நொடியைப் பாருங்கள். கோடுகள் கலங்காமல் நிற்கும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு மட்டப்படுத்துகிறார்கள். இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊற வேண்டும். சூளையே இல்லை. கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம்தான் மேற்பரப்பாகிறது, அதனால்தான் அந்த மினுமினுப்பு. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க அது கூடும்.

இவ்வளவும் பார்த்தபின் நவல்கட் போனால், 1902இல் எழுந்த பொத்தார் ஹவேலியில் உங்களுக்கு அந்நியமாக எதுவும் இருக்காது. வெளிமுற்றம் ஆண்களின் வியாபாரத்துக்கு, உள்முற்றம் பெண்களின் புழக்கத்துக்கு. நம் முகப்பும் கட்டுகளும் நினைவுக்கு வரும். சுவரில் ராமாயணக் காட்சிகளுக்குப் பக்கத்திலேயே ரயில் வண்டி ஓவியம். பூச்சும் சுண்ணாம்புதான், பளிங்குப் பொடி கலந்து, அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றிய பூச்சு. அங்கே ஆராயிஷ் என்பார்கள். சூரு பக்கம் கோடைப் பகல் 50 டிகிரியைத் தொடும். குளிர்கால இரவு உறைநிலைக்குக் கீழும் போகும். முற்றமும் தடித்த சுவரும் சேர்ந்த பொறி முழு வேகத்தில் இயங்குவது இப்படிப்பட்ட ஊரில்தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். கோடையில் குழந்தைகளோடு வேண்டாம்.

செட்டிநாட்டுக்கும் டிசம்பர், ஜனவரியைத்தான் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். என் பரிந்துரை வேறு. வெயில் தாங்குகிறவர்கள் சித்திரையில் போய், நண்பகல் முதல் மூன்று மணி வரை ஒரே வளவில் உட்காருங்கள். தெருவுக்கும் தாழ்வாரத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் தெரியும். இல்லையென்றால் ஐப்பசி. நான்கு பக்க நாட்டு ஓட்டுக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து மழையை முற்றத்தில் கொட்டும். மூலை வாரிகளின் கீழ் அண்டா வைத்துக் குடிநீர் பிடித்தது போக மிச்சம் வடிகால் வழியாகக் கிணற்றுக்கும் ஊருணிக்கும் போகும்படி செய்திருக்கிறார்கள். மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கியது. 2015 வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு, விழுந்த மழைக்கு வீடே வழி சொல்லும் இந்த ஏற்பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: ஐப்பசி அடைமழையில் ஆத்தங்குடிப் பட்டறைகளில் கல் காய நாள் பிடிக்கும், வேலையும் மெதுவாகத்தான் நடக்கும். மழை முற்றத்தில் இறங்குவதா, அச்சுக்குள் வண்ணம் இறங்குவதா, எதைப் பார்க்க ஆசை என்று முடிவு செய்துகொண்டு பல்லவனுக்கு முன்பதிவு செய்யுங்கள்.