தாளின் மேல் ஒரு தாள்

பென்சிலால் ஒரு முகம் வரைகிறோம். கண் சரியாக அமைந்துவிடுகிறது, மூக்கும் தப்பித்துக்கொள்கிறது. "பேஷ்!" என்று நம்மை நாமே மெச்சிக்கொண்டு, கன்னத்துக்குக் கொஞ்சம் சிவப்புக் கொடுக்கலாமே என்று தூரிகையைத் தண்ணீரில் நனைக்கிறோம். அவ்வளவுதான்! வர்ணம் கோட்டைத் தாண்டி ஓடுகிறது. துடைத்தால் கோடும் போகிறது. சித்திரம் எழுதத் தெரிந்தும் அந்தப் பக்கமே திரும்பாத பெண்மணிகளில் பலர் இந்தக் கன்னத்துச் சிவப்புக்குப் பயந்தவர்கள்தாம்.

கம்ப்யூட்டரிலும் டாப்லெட்டிலும் வரைகிறவர்களுக்கு இந்தப் பயம் வேண்டியதில்லை. 'லேயர்' என்று ஓர் ஏற்பாடு அதில் இருக்கிறது. ஒரு படத்தின் மேல் கண்ணாடி போன்ற தாளை விரித்து, அதில் வரைவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் பென்சில் கோடு. அதன் மேல் வேறொரு தாளில் மைக் கோடு. வர்ணத்துக்கு மூன்றாவது தாள். அதை எங்கே வைப்பது? மேலே அல்ல, மைக் கோட்டுத் தாளுக்கு அடியில் செருக வேண்டும்! அப்போது வர்ணம் எவ்வளவு பூசினாலும் கோட்டை மறைக்காது. பிடிக்காவிட்டால் வர்ணத்தை மட்டும் அழிக்கலாம். முகம் அப்படியே இருக்கும்.

இந்த யோசனை கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. அமெரிக்காவில் எர்ல் ஹர்ட் என்ற கார்ட்டூன் சித்திரக்காரர் செலுலாய்டுத் தாளில் உருவங்களை எழுதி, அசையாத பின்னணியின் மேல் வைத்துப் படம் பிடிக்கும் முறைக்கு 1914-ஆம் வருஷம் பேடண்ட் கோரினார். பொம்மை கையைத் தூக்குவதற்காக அதன் பின்னாலுள்ள வீட்டையும் மரத்தையும் மறுபடி மறுபடி வரையும் தொல்லை அதோடு தீர்ந்தது.

அந்தத் தாள்களில் வர்ணம் நிரப்பியவர்கள் யார் தெரியுமா? வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவில், 1937-ல் வெளியான 'ஸ்னோ ஒயிட்' படத்துக்காக, நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள்! பெரும்பாலும் ஆண்களே பென்சிலால் எழுதித் தந்த சித்திரங்களை, கையுறை அணிந்த அந்தப் பெண்கள் மயிரிழை போன்ற கோடுகளாகத் தாளின் முன்புறம் மையால் நகல் எடுத்தார்கள். பிறகு தாளைப் புரட்டிப் பின்புறம் வர்ணம் பூசினார்கள். கோட்டுக்கு அடியில் வர்ணத்தைச் செருகும் வித்தை அப்போதே இருந்தது, பார்த்தீர்களா?

அந்தத் தாளில் ஒரு குறை. தெளிவாகத் தோன்றினாலும் துளி மங்கல் உண்டு. இரண்டு மூன்றாக அடுக்கினால் அடித்தாளின் வர்ணம் மட்டுப்படும். ஆகவே ஒரே சட்டைக்கு மேல்தாளில் ஒரு வர்ணம், கீழ்த்தாளில் சற்று வெளிறின வர்ணம் என்று தனித்தனியே கலக்க வேண்டும். காட்சியின் நடுவில் ஒரு பாத்திரம் வெளியேறினால், மற்றவர்களின் நிறம் சட்டென்று மாறிவிடாதிருக்க, ஒன்றுமே எழுதாத வெற்றுத் தாளை அந்த இடத்தில் வைப்பார்கள். இவ்வளவு நுட்பமும் திரையில் பெயர் போடப்படாத பெண்களுடையது. ஆரம்ப காலத்தில், உபயோகித்த தாள்களைக் கழுவி மறுபடி எடுத்துக்கொண்டதும் உண்டு. 1961-ல் வந்த டால்மேஷியன் நாய்களின் படத்தில் கோடுகளை ஜெராக்ஸ் யந்திரமே நகல் எடுத்தது. 1989-ல் வந்த 'லிட்டில் மெர்மெய்'டுக்குப் பிறகு அந்த ஸ்டூடியோவின் முழுநீளப் படங்களில் வர்ணம் பூசும் வேலையும் கம்ப்யூட்டருக்குப் போயிற்று.

கம்ப்யூட்டர் தாளுக்குக் கனமும் இல்லை, மங்கலும் இல்லை. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. 'இந்தப் புள்ளி அடியில் இருப்பதை எவ்வளவு மறைக்கிறது?' என்பதற்கு நான்காவது எண். 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் இதை வகுத்து 'ஆல்பா' என்று பெயரிட்டவர்கள் ஆல்வி ரே ஸ்மித், எட் காட்மல் என்ற இருவர். போட்டோஷாப்பில் லேயர்கள் 1994-ல் வந்தன. காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதுமில்லை. இலவசமாகக் கிடைக்கும் 'கிரிட்டா'விலும் லேயர்கள் உண்டு.

இனி நம் கன்னத்துச் சிவப்புக்கு வருவோம். பாதி மறைக்கும் வர்ணத்தின் மேல் இன்னொரு தாளில் பாதி பூசினால் முழுசாகிவிடும் என்றுதானே தோன்றுகிறது? ஆகாது! மிஞ்சிய பாதியில் பாதியைத்தான் இரண்டாவது தாள் மறைக்கும், முக்கால்தான் தேறும். மூன்றாவதும் பூசினால் 87.5 சதவிகிதம். ஆகவே பத்துப் பதினைந்து சதவிகிதத்தில் ஒரு தாள் பூசிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொன்று. படிப்படியாக ஏறுமே தவிர, திடுமென்று அப்பிக்கொள்ளாது.

காகிதத்தில் வரைந்ததைப் போட்டோ எடுத்து ஏற்றுகிறவர்களுக்கு ஒரு சங்கடம்: காகிதத்தின் வெள்ளை எல்லாவற்றையும் மறைத்துவிடும். அந்தத் தாளை 'மல்டிப்ளை' என்ற முறைக்கு மாற்றுங்கள். பெருக்கல்தான் சங்கதி. வெள்ளை என்பது ஒன்று, கறுப்பு என்பது பூஜ்யம். ஒன்றால் பெருக்கினால் அடியிலுள்ள வர்ணம் மாறாது; பூஜ்யத்தால் பெருக்கினால் கறுப்புக் கோடு நிற்கும்.

தவறான தாளில் வரைந்துவிட்டு விழிப்பது சர்வ சாதாரணம். 'கோடு', 'கன்னம்', 'புடவை' என்று தாள்களுக்குப் பெயர் வைத்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்கலாம். படத்தை உறவினருக்கு அனுப்ப 'ஜேபெக்' ஆக்கினால் தாள்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டிப்போகும். பிறகு பிரிக்க முடியாது. தாள்களோடு கூடிய பிரதி ஒன்றைத் தனியே பத்திரப்படுத்துங்கள். மறுநாள் காலையில், "அந்தப் புடவை பச்சையாக இருந்தால் தேவலையே!" என்று யாராவது சொன்னால் அந்தப் பிரதிதான் கைகொடுக்கும்.